கூம்பு நத்தையும் மாஸ் ஸ்பெக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகு கரைக்கு வந்ததும் கழிவு மீன் குவியலைக் கிளறினால் கூம்பு நத்தைகள் கிடைக்கும். அவற்றின் விஷப் பெப்டைடுகளை (சிறிய புரதத் துண்டுகளை) ஆராய ஆசைப்படும் மாணவர்கள் பலர். ஆசைப்படுவதில் தப்பில்லை. கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் பெப்டைடை அப்படியே ஆய்வகத்தில் செய்ததுதான் சிகோனோடைடு; 2004-இல் அமெரிக்காவில் கடும் வலிக்கான மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் பல மாதிரிகள் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவிக்குள் போவதற்கு முன்பே வீணாகிவிடுகின்றன. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் நத்தையை வெறுங்கையால் தூக்காதீர்கள். சில இனங்கள் கொட்டினால் ஆளே போய்விடலாம். அனுமதியில்லாமல் எடுப்பதும் வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. நத்தையோடு கடல் அட்டையையும் ஆராய நினைப்பவர்களுக்கு: அதற்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வலையில் செத்து வந்தது என்ற சமாதானமெல்லாம் செல்லாது.

அடுத்தது ஃபார்மலின். விலங்கியல் துறைகளில் எது கிடைத்தாலும் ஃபார்மலின் பாட்டிலில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உருவத்தைப் பார்க்க அது போதும். புரதத்தைப் பார்க்க நினைத்தால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், லைசின் என்ற அமினோ அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆய்வுக்காகப் புரதத்தைத் துண்டாக்கும் டிரிப்சின் என்ற நொதி வெட்டுவதே லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்த இடத்தில்தான், அப்புறம் அது எங்கே வெட்டும்? ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள், சீக்கிரம் உறைய வையுங்கள். வெளியூர் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்புவதாக இருந்தால், பிரித்தெடுத்த பெப்டைடை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி அனுப்புவது மேல். ஐஸ் உருகிவிடுமே என்ற பயம் இருக்காது.

நம் கரையில் பெரிய வில்லன் உப்புதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வள்ளத்தின் அடியில் கொட்டலசு ஒட்டுவதுபோல சோடியமும் பொட்டாசியமும் பெப்டைடில் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் வந்தால் எடை 22 டால்டன் (அணு எடை அலகு) கூடும், பொட்டாசியம் வந்தால் 38. ஒரே பெப்டைடு கருவியின் வரைபடத்தில் மூன்று உச்சிகளாகத் தெரியும். அதைப் பார்த்து "மூன்று புதிய பெப்டைடு" என்று எழுதியவர்கள் உண்டு. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சோடியம் உச்சிக்கும் பொட்டாசியம் உச்சிக்கும் இடைவெளி 15.97, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜன் ஏறினால் கூடுவது 15.99. துல்லியம் குறைந்த கருவியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

உப்பைக் கழுவுகிறேன் என்று பாஸ்பேட் பஃபரில் அலசுவது வீண் வேலை, அதிலேயே சோடியம் இருக்கிறது. அம்மோனியம் பைகார்பனேட் பயன்படுத்துங்கள். கடைசியில் பெப்டைடைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிடும் சி18 பைப்பெட் முனையில் ஏற்றி, 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்தால் தாராளமாகக் கழுவியபின் பெப்டைடை இறக்குங்கள்.

தலைமுடி, தோல் துகள் வழியாக வரும் கெரட்டின் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. கையுறையோடு முகத்தைச் சொறியாதீர்கள். 44 டால்டன் இடைவெளியில் ஏணிபோல உச்சிகள் வந்தால் அது நத்தையின் சரக்கல்ல, சோப்பு அல்லது பிளாஸ்டிக் வழியே வந்த பாலிஎத்திலீன் கிளைக்கால்.

கூம்பு நத்தைப் பெப்டைடுகளில், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை இரண்டிரண்டாக இணைக்கும் கந்தகப் பாலங்கள் அதிகம். அவற்றை உடைக்காமல் பெப்டைடைத் துண்டாக்கப் பார்த்தால் அமினோ அமில வரிசை சரியாகக் கிடைக்காது. பாலங்களை உடைத்து, அவை மறுபடி சேராமல் இருக்க அயோடோஅசெட்டமைடு சேர்த்தால் ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் 58.03 டால்டன் கூடும். மூன்று பாலம், ஆறு சிஸ்டீன் என்றால் 348.2. முன்னும் பின்னும் எடை எடுத்தால் சிஸ்டீன் எத்தனை என்று அங்கேயே தெரிந்துவிடும். முதல் எடையை எடுக்காமல் நேரே வேதிவினைக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. யூரியா கலந்த மாதிரியைச் சூடாக்குவதும் தப்பு. 43 டால்டன் கூடிய போலி உச்சிகள் முளைக்கும்.

வரிசை எழுதும்போது ஓர் அமினோ அமிலம் லூசினா, ஐசோலூசினா என்று அடித்துச் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் ஒரே எடை, சாதாரணத் துண்டாக்கலில் பிரிக்க முடியாது. உச்சியின் உயரத்தைப் பெப்டைடின் அளவாக எடுத்துக்கொள்வதும் அதே ரகம். ஒவ்வொரு பெப்டைடுக்கும் மின்னூட்டம் ஏற்கும் திறன் வேறு.

கிடைத்த எடைகளைத் தெரிந்த புரத வரிசைகளோடு பொருத்திப் பார்க்கும் தரவுத்தளத் தேடலில் கவனம் தேவை. நம் கடலின் பல உயிரினங்களுக்கு முழு மரபணுத் தொகுதி இல்லை. எல்லா உயிரினத்திலும் தேடச் சொன்னால் மென்பொருள் எதையாவது பொருத்திக் காட்டத்தான் செய்யும். வேண்டுமென்றே உருவாக்கிய பொய் வரிசைகளையும் சேர்த்துத் தேடி, தவறான பொருத்தம் 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெப்டைடு பொருந்தியதை வைத்துப் புரதத்துக்குப் பெயர் சூட்டாதீர்கள்.

பாசி எடுப்பவர்களுக்கு ஒரு வரி: கப்பாபைகஸ் என்ற கடற்பாசியில் உள்ள கராஜீனன் கூழாகிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், பீனால் வழியில் பிரித்தெடுங்கள்.

அனுப்பும்போது மாதிரியே போடாத ஒரு குழாயையும் அதே பஃபர், அதே டிரிப்சின், அதே முனை வழியாகக் கொண்டுபோய் அதையும் ஓட்டச் சொல்லுங்கள். அதிலும் தெரியும் உச்சிகள் மாதிரியுடையவை அல்ல. கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.