ஜெட் ஸ்கீ: விசையை விட்டால் திரும்பாது

இலங்கையின் பெந்தோட்டை ஆற்றில் சுற்றுலாப் படகுகளுக்கு நடுவே ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் போன்ற வண்டி) ஓட்டப் போகிறீர்களா? இதை மட்டும் மறக்கவே கூடாது. பின்னால் பீய்ச்சும் நீர்தான் அதைத் திருப்புகிறது. எதிரே படகைக் கண்டு பயந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால், பெரும்பாலான வண்டிகள் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் நேராகவே போகும். மோதல்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. ஆகவே விசையைக் கொஞ்சம் கொடுத்தபடியே, தூரத்திலேயே திருப்புங்கள். நேருக்கு நேர் என்றால் வலப்பக்கம் ஒதுங்குங்கள்; வலப்புறமிருந்து குறுக்கே வரும் படகுக்கு வழிவிடுங்கள். அலையில் குதிக்கும் ஆசையில் படகின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், அதன் மறைவில் வேறு படகு வருவது தெரியாது. நீங்கள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிற்றை உயிர்காப்பு அங்கியில் மாட்டிய பிறகே கிளம்புங்கள்.