அண்டார்டிகாவில் முதன்முறை கரையிறங்குவது எப்படி?

அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் இறக்கவே முடியாது. இவ்விதிகளை முன்னிட்டே நான் சிறிய கப்பலைப் பரிந்துரைக்கிறேன்.

1. அறை: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். அந்நீரிணையில் ஆட்டம் குறைவாக உணரப்படுவது கப்பலின் அப்பகுதியில்தான். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, குமட்டல் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

2. உடைச் சோதனை: என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த படி இது. வெளியிலிருந்து ஒரு விதைகூட அக்கண்டத்திற்குள் போய்விடக் கூடாது என்பதால், மேலுடை, பை, காலணி அனைத்தையும் ஊழியர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத புல்முனைகள் உடையை ஒட்டிப் பிரிக்க உதவும் வெல்க்ரோ பட்டையின் கொக்கிகளுக்குள் சிக்கியிருக்கும். தூசி உறிஞ்சும் கருவியால் அவை வருவதில்லை, முனை மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பைகளின் உள்தையலையும் வெளியே இழுத்துப் பாருங்கள். வெல்க்ரோ இல்லாத உடையையே வாங்குங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

3. ரப்பர் படகு: கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், தோள்பையை விட, நீர்புகாத முதுகுப்பையே நல்லது. படகோட்டியும் நீங்களும் ஒருவர் மற்றவரின் முன்கையைப் பற்ற வேண்டும், ஏனெனில் ஈரமான உள்ளங்கைகள் வழுக்கும். அலை படகைத் தூக்கும்போது அவர் சொல்லும்வரை காத்திருந்து, காலெடுத்து வைத்தவுடன் உட்கார்ந்து, படகின் காற்றடைத்த ஓரக்குழாயின்மீது நகர்ந்து செல்லுங்கள். கரையில் குதிக்காமல் சறுக்கி இறங்குங்கள். நீர்புகாக் கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விட்டால்தான் அலைநீர் உள்ளே புகாது.

4. கரையில்: பென்குவின்களிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் விலகியிருங்கள், அவை நடந்துவரும் பாதையில் நின்றால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். பறவைக் காய்ச்சல் காரணமாகத் தரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையை வைக்கவோ கூடாது. திரும்பியதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்த பிறகே அறைக்குச் செல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: கரையில் கழிவறை உண்டா என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். கிடையாது, படகேறும் முன், அத்தனை அடுக்கு உடைகளையும் மாட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள்.