தாத்தாவின் பின்னால் நிற்பது என்ன விமானம்?

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள்) பலவற்றில் சைகோன் (வியட்நாமின் இன்றைய ஹோ சி மின் நகரம்) ஆல்பம் ஒன்று பத்திரமாக இருக்கும். பிரெஞ்சுப் படையிலோ, வியட்நாம் அடங்கிய பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவின் அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்த தாத்தா, சீருடையில் விறைப்பாக நிற்பார்; பின்னால் ஒரு விமானத்தின் பாதி உடல் தெரியும். அந்தப் பாதியை வைத்தே வகையைக் கண்டுபிடிக்கலாம். வகை தெரிந்தால் படத்தின் காலமும் ஓரளவு பிடிபடும்.

படி 1: படியெடுங்கள். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பசை காகிதத்தையும் உரித்துவிடும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே, 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கறை எது, எழுத்து எது என்று பிரித்தறிய அது உதவும்.

படி 2: பெயரைத் தேடாமல் எண்ணுங்கள். இறக்கை ஓரடுக்கா, ஈரடுக்கா? உடலுக்கு மேலா, கீழா? எஞ்சின் எத்தனை? வால் ஒற்றையா, இரட்டையா? மறைந்திருப்பதைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகத்தை எழுதிவிட்டால் கண் அதற்கான சாட்சியையே தேடிக்கொண்டிருக்கும்.

படி 3: விமானத்தின் தோலை, அதாவது வெளித் தகட்டைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மூன்று எஞ்சின் விமானம் ஒன்று சைகோனில் நிற்கிறது என்று வையுங்கள். அது 1930களின் பிற்பகுதியில் ஏர் பிரான்ஸ் ஓட்டிய தெவாத்தீன் 338 ஆக இருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு விமானப்படை வைத்திருந்த டூக்கானாகவும் இருக்கலாம். தெவாத்தீனின் சக்கரம் மடங்கும், டூக்கானின் சக்கரம் மடங்காது என்று நூல்கள் சொல்லும். ஆனால் தரையில் நிற்கும்போது இரண்டுக்கும் சக்கரம் வெளியேதான் இருக்கும்! ஆகவே தோலைப் பெரிதாக்கிப் பாருங்கள். தகரக் கூரை போல நெளிவு நெளிவாக இருந்தால் டூக்கான். வழவழப்பாக இருந்தால் தெவாத்தீன். டூக்கானின் இறக்கைக்குப் பின்னால், சிறு இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய இறக்கை ஒட்டியதுபோல் தெரியும். இது ஜெர்மனியின் யூங்கர்ஸ் 52 விமானமேதான். போர்க்காலத்தில் ஜெர்மானியருக்காக அதைக் கட்டிய கொலோம்ப் நகர அமியோ ஆலை, போர் முடிந்தபின் பிரான்சுக்காகக் கட்டியது. எனவே யூங்கர்ஸ் மீது பிரெஞ்சு வட்டக்குறி (நாட்டைக் காட்டும் வட்ட வடிவ வண்ணச் சின்னம்) இருந்தால் குழம்ப வேண்டாம்.

படி 4: எழுத்துகள். பதிவெண் ‘எஃப்’ என்று தொடங்கினால் பிரான்ஸ். ‘விடி’ என்றால் இந்தியா. எழுத்து தெரியாத படத்தில், நெகட்டிவ் புரட்டி அச்சிடப்பட்டதா என்று பார்க்கத் தாத்தாவின் பதக்கங்களைக் கவனியுங்கள். இடமார்பில் இருக்க வேண்டியவை வலமார்பில் இருந்தால் படமே இடவலம் மாறியிருக்கிறது.

படி 5: வட்டக்குறி. பிரெஞ்சுக் குறியில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு; பிரிட்டிஷ் குறியில் நேர்மாறு. ஆனால் பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் காட்டும். பின்னர் வந்த பேன்குரோமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு அவ்வளவு கறுக்காது. நிழலை மட்டும் நம்பி நாட்டை முடிவுசெய்யாதீர்கள். அதே படத்தில் பிரெஞ்சுக் கொடி பறந்தால் நல்லது: கம்பத்தை ஒட்டிய பட்டை நீலம். அதன் சாயலை வட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 6: பொருந்தாததைத் தேடுங்கள். ஒரு பெயர் கிடைத்ததும் அதை மறுக்கும் அடையாளம் உண்டா என்று பாருங்கள். நெட்டைக் கால்களும் மேலிறக்கையும் கொண்ட சிறு விமானம் என்றால் ‘மொரான் 500’ என்ற பிரெஞ்சு விமானத்தின் பெயரை எழுதத் தோன்றும். மூக்கைப் பாருங்கள்: ஒடுங்கியிருந்தால் 500, எஞ்சின் உருளைகள் வட்டமாக அடுக்கியிருந்தால் அது 502.

கடைசியாக, முடிவையும் அதற்கான அடையாளங்களையும் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதிப் படத்தோடு வையுங்கள். படத்தின் முதுகில் பேனா படவே கூடாது.