டொராண்டோவில் முதல் வீடும் முதல் வேலையும்

வீட்டுக்காரர் வேலைக் கடிதம் கேட்பார். வேலை தருபவர் உள்ளூர் தொலைபேசி எண்ணும் முகவரியும் கேட்பார். டொராண்டோவில் வந்து இறங்கும் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இது. அவிழ்க்க ஒரு வழி உண்டு: முதல் மாதத்துக்கு மட்டும் ஓர் அறையைப் பிடியுங்கள், வேலை எந்தத் திசையில் என்று தெரிந்தபின் லீஸ், அதாவது மாத வாடகை ஒப்பந்தம், போடுங்கள். ஊரில் இருந்தபடியே ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

இறங்கிய முதல் சில நாட்களில் முடிக்க வேண்டியவை மூன்று. உள்ளூர் சிம். வங்கிக் கணக்கு, வேலையோ பணமோ இல்லாவிட்டாலும், உரிய அடையாள ஆவணங்கள் இருந்தால் திறக்கலாம். அடுத்தது 'சின்' எனப்படும் சமூகக் காப்பீட்டு எண். சர்வீஸ் கனடா அலுவலகத்துக்கு நேரில் போனால் பெரும்பாலும் அன்றே கிடைக்கும், கட்டணம் இல்லை. காசு கேட்டு 'எடுத்துத் தருகிறோம்' என்பவர்களை விட்டு விலகுங்கள். தற்காலிக பெர்மிட்டில் வந்தவர்களின் எண் 9-இல் தொடங்கும், பெர்மிட்டோடு சேர்ந்து காலாவதியாகும். இந்த எண்ணை வேலை தருபவருக்கும் வங்கிக்கும் கொடுக்கலாம். வீட்டு விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தாலும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி வீடு. தனி ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ட் மாதம் 2,000 டாலரைத் தாண்டும் என்பதால், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பலருக்கும் முதல் வீடு பேஸ்மென்ட்தான், அதாவது வீட்டின் தரைக்குக் கீழே உள்ள தளம். விளம்பரத்தில் இல்லாத ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: சமையலறையோ குளியலறையோ வீட்டுக்காரரின் குடும்பத்தோடு பொதுவா? பொது என்றால், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் வாடகைச் சட்டம் அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. முறையான நோட்டீஸ், வாடகை உயர்வுக்கான வரம்பு, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் எதையும் நீங்கள் நாட முடியாது. தனிச் சமையலறையும் குளியலறையும் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். வாயால் 'நாளைக்கே காலி பண்ணு' என்று சொன்னால் செல்லாது. தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை குறைகிறதே என்று முதல் வகை அறையில் தங்குவது தவறில்லை, ஆனால் அது தற்காலிகம் என்று தெரிந்தே தங்குங்கள்.

பேஸ்மென்டைப் பகலில் போய்ப் பாருங்கள். தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி, அல்லது ஆள் நுழையும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா? புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்கின்றனவா? சுவரின் அடிப்பகுதியைத் தொட்டும் மோந்தும் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த மணத்தோடு ஈர வாடையும் வந்தால், பனி உருகும் காலத்தில் தண்ணீர் வரும் வீடாக இருக்கலாம். ஹீட்டரின் கட்டுப்பாடு மேல்மாடியில் இருந்தால் அதையும் பேசி முடியுங்கள். குளிர்காலத்தில் 21 டிகிரி தருவது வீட்டுக்காரரின் கடமை.

பண விஷயம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே கூடுதலாகக் கேட்டாலும் தலையாட்டிவிடுகிறார்கள். சட்டப்படி கேட்கக்கூடியது முதல் மாத வாடகையும், கடைசி மாதத்துக்கான ஒரு மாத டெபாசிட்டும் மட்டுமே. 'டேமேஜ் டெபாசிட்' கேட்கக் கூடாது. சாவிக்கு டெபாசிட் வாங்கினால் புதுச் சாவி செய்யும் செலவைத் தாண்டக் கூடாது, திருப்பியும் தர வேண்டும். ஒன்டாரியோ அரசின் பொது லீஸ் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீதும் வாங்குங்கள். அந்த லீஸ்தான் பிறகு முகவரிச் சான்று. முதன்முதலாக 2018 நவம்பர் 15-க்குப் பின் குடியேற்றம் நடந்த வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. புதுக் கான்டோவுக்கு (அடுக்குமாடிக் கட்டடத்தில் தனி உரிமையாளரின் ஃப்ளாட்) ஆசைப்படுமுன் இதைக் கணக்கில் வையுங்கள்.

கடன் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டிய பதிவு, இல்லாததையே குறையாக எடுக்கக் கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. ஆனாலும் வீட்டுக்காரருக்கு ஏதாவது நம்பிக்கை வேண்டுமே: வங்கி இருப்பு, வேலைக் கடிதம், பிணை நிற்க உள்ளூர்க்காரர் ஒருவர். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி தபாலில் வரும்' என்றால் மோசடி. இ-டிரான்ஸ்ஃபரில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காது.

வேலைக்கு வருவோம். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் எல்லாம் அடங்கிய நம் ஊர் பயோடேட்டா இங்கே உதவாது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல், செய்த வேலையையும் அதன் பலனையும் மட்டும் எழுதுங்கள். 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் 'கனடா அனுபவம் வேண்டும்' என்று போடவே கூடாது. நர்ஸிங் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு 'காலேஜ்' எனப்படும் அந்தந்தத் தொழிலின் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும். ஊரிலிருந்து ஆவணம் வந்து சேர மாதக்கணக்காகலாம், கிளம்புமுன்பே தொடங்குங்கள்.

கிடங்கு, தொழிற்சாலை வேலைகள் பெரும்பாலும் தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சி வழியாகவே. 2024 ஜூலை முதல் அவற்றுக்கு மாகாண உரிமம் கட்டாயம். பட்டியல் அரசு இணையத்தளத்தில் உண்டு, பெயரைத் தேடிப் பாருங்கள். வேலை தர உங்களிடம் காசு வாங்கக் கூடாது. குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு. வாரத்தில் 44 மணி நேரத்துக்கு மேல் போனால், பெரும்பாலான வேலைகளில் ஒன்றரை மடங்கு. சர்வதேச மாணவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 'கையில் காசு' வேலையில் சம்பளச் சீட்டு வராது. அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த வீட்டுக்காரரிடம் வருமானத்தைக் காட்டுவதும் கடினம்.

வேலையை ஒப்புக்கொள்ளுமுன், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்கே பயண வழியைப் போட்டுப் பாருங்கள். பல கிடங்குகள் மேற்கே பிராம்ப்டனிலும் மிஸ்ஸிசாகாவிலும் இருக்கின்றன. ஸ்கார்பரோவின் கிழக்கு மூலையிலிருந்து காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் இரவு பஸ்ஸில்தான் புறப்பட வேண்டும். 2024 பிப்ரவரிக்குப் பிறகு டொராண்டோவின் பொதுப் போக்குவரத்தான டிடிசியிலிருந்து அந்த நகரங்களின் பஸ்களுக்கு மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை, நேரம்தான் குறையவில்லை. பழைய வாடகை விளம்பரங்களில் வரும் 'ஸ்கார்பரோ ஆர்டி அருகில்' என்பதை நம்பாதீர்கள். ஸ்கார்பரோவின் அந்தப் பழைய ரயில் பாதை 2023 ஜூலையிலேயே நின்றுவிட்டது, அந்த வழியில் இப்போது பஸ்தான் ஓடுகிறது.