AI ஏஜென்ட்டுக்குப் புரியும்படி ஒரு கருவியை விளக்குவது எப்படி?

AI ஏஜென்ட் என்பது நமக்காகத் தானே வேலை செய்யும் நிரல்; அது அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்தான் கருவி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு துணிக்கடைக்காக, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும் கருவி ஒன்றை எழுதுகிறீர்கள். ‘பணத்தைக் கையாளும்’ என்ற விளக்கம் போதாது. ‘கட்டி முடித்த பில்லுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பும், அனுப்பியபின் ரத்து செய்ய முடியாது. பில் நிலையை மட்டும் பார்க்க இதை அழைக்க வேண்டாம்’ என்று எழுதுங்கள். எப்போது அழைக்கக் கூடாது என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அதிகம் சறுக்குவது தொகையில். அலகைப் பெயரிலேயே வையுங்கள்: ‘தொகை_சென்’, முழு எண், 13 ரிங்கிட்டுக்கு 1300. வெறும் ‘தொகை’ என்றால் ஏஜென்ட் 13 என்று அனுப்பிவிடும், வாடிக்கையாளருக்கு 13 சென்தான் போய்ச் சேரும். தேதியும் அப்படியே. 03/04 நமக்கு ஏப்ரல் 3, ஏஜென்ட் அதை மார்ச் 4 என்றும் படிக்கலாம். 2025-04-03 என்ற வடிவத்தையே கேளுங்கள்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். ‘பிழை 400’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ‘இந்தப் பில் எண் இல்லை, முதலில் பில்_தேடு கருவியை அழைக்கவும்’ என்று திருப்புங்கள்.