கலிஃபோர்னியாவில் வீட்டு வேலைக்குக் கான்ட்ராக்டர் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கக் கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு ஏ.டி.யூ. (அதே மனையில் கட்டும் கூடுதல் சிறு வீடு) கட்டலாமா, கராஜையே அறையாக மாற்றிவிடலாமா என்று ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் பல தமிழ்க் குடும்பங்கள் யோசிக்கின்றன. யோசனை முற்றியதும் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல கான்ட்ராக்டர் யாரையாவது தெரியுமா?" என்று ஒரு கேள்வி போகும். நான்கைந்து எண்கள் வரும். "லைசென்ஸ் இருக்கிறது" என்று யாராவது ஒரு வரி சேர்த்துவிட்டால் அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்காரரைக் காப்பாற்ற இந்த மாநிலத்தில் நல்ல சட்டங்கள் இருக்கின்றன. நாம் கேட்டு, பார்த்து, பிடித்து வைத்துக்கொண்டால்தான் அவை நமக்கு உதவும்.

லைசென்ஸ் எண்ணை வாங்கிவிட்டு, அதைப் பார்க்காமல் விடுவது

கலிஃபோர்னியாவில் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் ஆகும் எந்த வேலைக்கும் மாநில லைசென்ஸ் வேண்டும். 2024 வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. தொகை அதற்குக் குறைவாக இருந்தாலும், வேலைக்கு பெர்மிட் (நகராட்சியின் கட்டட அனுமதி) தேவைப்பட்டாலோ கான்ட்ராக்டர் ஆள் வைத்து வேலை செய்தாலோ லைசென்ஸ் கட்டாயம். கொடுப்பது சி.எஸ்.எல்.பி. எனப்படும் மாநில வாரியம். அதன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால் அந்த ஆளின் நிலவரம் இலவசமாகக் கிடைக்கும்.

எண் செல்லுபடியாகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனப் பெயரும் தளத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறொருவருடைய எண்ணை வைத்துக்கொண்டு வேலை பிடிப்பவர்கள் உண்டு. லைசென்ஸ் அட்டையையும் புகைப்பட அடையாள அட்டையையும் சேர்த்துக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. ஒழுங்கான கான்ட்ராக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம், எந்த வகை லைசென்ஸ் என்பதும் முக்கியம். முழு வீடு, ஏ.டி.யூ., அறை சேர்ப்பது போன்றவற்றுக்கு 'பி' வகை வேண்டும். 'பி-2' என்று ஒன்று இருக்கிறது; அது ஏற்கெனவே இருக்கும் வீட்டைச் சீரமைப்பதற்கு மட்டும். பாரம் தாங்கும் சுவரை எடுப்பதற்கு அது போதாது. கூரையை மட்டும் மாற்றுவது, மின்சார வேலை மட்டும் செய்வது போன்ற ஒற்றை வேலைகளுக்கு 'சி-39', 'சி-10' என்று தனி லைசென்ஸ்கள் இருக்கின்றன. பொதுவாக, 'பி' மட்டும் வைத்திருப்பவர் அப்படிப்பட்ட ஒற்றை வேலைக்கு நேரடியாக ஒப்பந்தம் போட முடியாது.

லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் வீட்டுக்காரருக்கு உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கில் ஜெயித்தாலும், காணாமல் போனவரிடமிருந்து எதை வசூலிப்பது?

காப்பீட்டு விவரத்தைப் பார்க்காமல் விடுவது

வாரியத் தளத்தில் லைசென்ஸ் விவரம் வரும் அதே பக்கத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீடு பற்றி ஒரு பகுதி இருக்கும். சிலருக்கு "விலக்கு" என்று போட்டிருக்கும். தன்னிடம் பணியாளர்களே இல்லை என்று அவர் வாரியத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். அப்படிப்பட்டவர் காலையில் நான்கு பேரை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அதில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழலாம். கூரை வேலை செய்பவருக்கு இந்த விலக்கே கிடையாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

"நான் பாண்ட் போட்டவன்" என்று சொல்வதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த பாண்ட், அதாவது பிணைப் பத்திரம், 25,000 டாலர். லைசென்ஸ் உள்ள எல்லோரும் போட வேண்டியது அது. அவர்மேல் புகார் உள்ள அத்தனை பேரும் அந்தத் தொகையைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சொத்துச் சேதத்துக்கான பொதுக் காப்பீடு பலருக்குச் சட்டப்படி கட்டாயமே இல்லை. அது இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு, சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே நேராக அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் வேலைக்கு முன்னால் ஓடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் அட்வான்ஸாக வாங்கக்கூடியது மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது. 6,000 டாலர் வேலைக்கு 600. 90,000 டாலர் வேலைக்கும், 2,50,000 டாலர் ஏ.டி.யூ.வுக்கும் அட்வான்ஸ் 1,000 டாலர்தான். கேட்கும் பலரும் முதலில் நம்புவதில்லை. "கேபினெட் ஆர்டர் போடணும், 30 சதவீதம் கொடுங்க" என்பது பழகிப்போன பேச்சு. தனியாகச் செய்ய வேண்டிய பொருள் என்றாலும் சட்டத்தில் அதற்கு விலக்கு கிடையாது. வாரியத்திடம் தனியாகப் பெரிய பாண்ட் தாக்கல் செய்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விவரமும் தளத்திலேயே தெரியும்.

அட்வான்ஸுக்குப் பிறகு கேட்கும் எந்தத் தவணையும், அதுவரை முடிந்த வேலை, வந்து இறங்கிய பொருள் ஆகியவற்றின் மதிப்பைத் தாண்டக் கூடாது. ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பதுதானே நம் வழக்கம்? இங்கே அஸ்திவாரம், மரச்சட்டம், சுவருக்குள் போகும் குழாயும் ஒயரும், டிரைவால் (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) என்று கட்டங்கள் மாறும், அவ்வளவுதான். "இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை" என்று தேதியை வைத்து எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகர இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடும் கட்டங்களோடு தவணைகளை இணைத்துவிடுங்கள். அப்போது வேலை ஒழுங்காக முடிந்ததா என்ற கேள்விக்கு நீங்களும் கான்ட்ராக்டரும் சண்டை போட வேண்டியதில்லை.

தபாலில் வரும் நோட்டீஸைத் தூக்கிப் போடுவது

கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். அவர் மரக்கடைக்குக் கொடுக்கவில்லை. மரக்கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் லீன் பதிவு செய்யலாம். அதாவது, வீட்டையே பிணையாகப் பிடித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ஒரே பொருளுக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கொடுக்க நேரிடலாம்.

இதிலிருந்து தப்பிக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. உங்களோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத துணை கான்ட்ராக்டரும் பொருள் கொடுப்பவரும் லீன் உரிமை வேண்டுமானால், வேலை தொடங்கி அல்லது பொருள் இறக்கி 20 நாளுக்குள் உங்களுக்கு ஒரு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். இது பெரும்பாலும் பதிவுத் தபாலில் வரும். யாரோ கேஸ் போட்டுவிட்டார்கள் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, விளம்பரம் என்று குப்பையில் போடுகிறவர்களும் உண்டு. அதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வேலையில் யார் யாருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியல் அதில்தான் உருவாகிறது.

ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்து லீன் விடுப்புப் படிவம், அதாவது அந்தத் தொகைக்கான லீன் உரிமையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்கும் படிவம், வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் நிபந்தனையுள்ள படிவம், பணம் போய்ச் சேர்ந்தபின் நிபந்தனையற்ற படிவம். வாசகங்கள் சட்டத்திலேயே அச்சாகி இருக்கின்றன, வக்கீல் எழுத வேண்டியதில்லை. பெரிய தொகை என்றால் கான்ட்ராக்டர் பெயரும் கடைக்காரர் பெயரும் சேர்த்து ஒரே காசோலை எழுதலாம்.

மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, வாங்கியதை எப்படிப் படிப்பது? குறைந்த எஸ்டிமேட்டில் டைல்ஸ், குழாய், விளக்கு, கவுன்டர்டாப் எல்லாம் "அலவன்ஸ்" என்ற பெயரில் ஒரு உத்தேசத் தொகையாக இருக்கும். அந்தத் தொகைக்குக் கிடைக்கும் டைல்ஸைக் கடையில் போய்ப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது. பிடித்ததை எடுத்தால் வித்தியாசம் உங்கள் கணக்கில் ஏறும். மூவருக்கும் ஒரே வரைபடம், ஒரே பொருள் பட்டியல், முடிந்தால் மாடல் எண்ணோடு கொடுங்கள். அப்போதுதான் விலைகளை ஒப்பிட முடியும்.

நடுவில் மனம் மாறி ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னால், விலையையும் கூடுதல் நாட்களையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே அந்த வேலை தொடங்க வேண்டும். "கடைசியில் பார்த்துக்கலாம் சார்" என்பதை ஏற்காதீர்கள்.

ஒப்பந்தத்தை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கையெழுத்திட்டிருந்தால், பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாட்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் கதவைத் தட்டி வந்து கையெழுத்து வாங்குகிறவர்கள் இருப்பதால், இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெர்மிட்டை உங்கள் பெயரில் எடுப்பது

"நீங்களே ஓனர்-பில்டர் (வேலையைத் தானே நடத்தும் வீட்டுக்காரர்) என்று பெர்மிட் எடுத்தால் செலவு குறையும்" என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால், அவருக்கு லைசென்ஸில் ஏதோ பிரச்சினை இருக்கலாம். அப்படிக் கையெழுத்துப் போட்டால் வேலைக்கான பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடும். பெர்மிட்டே வேண்டாம் என்பவரை அனுப்பிவிடுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது, பெர்மிட் இல்லாமல் செய்த மாற்றங்களை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டிவரும். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதற்கான மத்திய அரசுச் சான்று வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை விட்டுவிடவே கூடாது.

கடைசித் தவணையைத் துடைப்பம் போட்ட அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். இறுதி இன்ஸ்பெக்ஷன் முடிந்து நகராட்சி பெர்மிட்டை மூடியிருக்க வேண்டும், பாக்கி வேலைப் பட்டியலில் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது, லீன் விடுப்புப் படிவங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைசித் தவணைக்கான நிபந்தனையாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.