கதிர்வீச்சு முடித்து இங்கிலாந்து வருபவர்களுக்கு: டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) நார்மல் என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள்

வந்த வாரமே ஜி.பி.யிடம் (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர்) பதிந்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு அனுமதி இல்லை. விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் மருந்துச் சீட்டுக் கட்டணத்துக்குச் செல்லாது, அதிலிருந்து விலக்குப் பெற எஃப்.பி.92ஏ படிவம் கேளுங்கள். பழைய புற்றுநோய் சிகிச்சையின் பின்விளைவுகளுக்கும் கட்டண விலக்கு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தோழிக்கு மூக்குக்குப் பின்னால் கட்டி. ஊரில் கதிர்வீச்சு எடுத்து நன்றாகத் தேறி, சில வருடம் கழித்துத்தான் இங்கே வந்தாள். அப்புறம் ஆரம்பித்தது அசதி. குக்கர் விசில் வருவதற்குள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். மாதவிலக்கும் நின்றுபோனது. ஜி.பி. டி.எஸ்.எச். மட்டும் பார்த்தார். நார்மல். குளிர், புது இடம், மனச்சோர்வு என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் என்றால் தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டோடு நேரே ஹார்மோன் டாக்டரிடம் போயிருப்போம். இங்கே அரசு மருத்துவத்தில் ஜி.பி. கடிதம் இல்லாமல் அது நடக்காது.

கழுத்தில் கதிர் பட்டுத் தைராய்டு கெட்டால் டி.எஸ்.எச். ஏறும். மூளைப் பக்கம் பட்டு பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பி) கெட்டால் கதை வேறு. தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அது சோர்ந்துபோனால் அந்த எண் நார்மலாகவே காட்டலாம். அதனால் ஃப்ரீ டி4 (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்), காலை 9 மணிவாக்கில் கார்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன், பிட்யூட்டரி கெட்டால் இதுவும் குறையலாம்), மாதவிலக்கு நின்றிருந்தால் அதற்கான ஹார்மோன்கள், எல்லாம் கேளுங்கள். சிகிச்சையின்போது வரும் அசதி பெரும்பாலும் சில மாதங்களில் தணியும். வருடங்கள் கழித்து வருவதைக் குளிரின் தலையில் கட்ட விடாதீர்கள்.

ஊரிலிருந்து தைராய்டு மாத்திரை வரவழைத்துப் போடும் வேலையே வேண்டாம். கார்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் அதைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எந்தப் பகுதியில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தார்கள் என்ற தாளை ஊரிலேயே கேட்டு வாங்கி வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் அது இருக்காது. ஜி.பி. முன்னால் நம் வழக்கப்படி ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சிரிக்காதீர்கள். மாடி ஏற முடியவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் இலவசம்.

கார்டிசால் குறைவு உறுதியானால் அதற்கு ஈடாக ஸ்டீராய்டு மாத்திரையும், அவசரத்தில் மருத்துவர்களிடம் காட்ட ஸ்டீராய்டு அவசர அட்டையும் தருவார்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுத்தவே கூடாது. தோழியின் அம்மா போனில் இன்னமும், “ஸ்டீராய்டெல்லாம் எதுக்குடி, ஆட்டுக்கால் சூப் குடி” என்கிறார். அவள் இரண்டையும் விடுவதில்லை.